ஊர்ப்பேச்சும் பூட்டிய வீடும்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு, அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வரும் ஆர்தர் ராட்லி என்ற மனிதரைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1960 ஜூலையில் வெளிவந்து, 1961இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவல் இது. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், அலபாமா மாநிலத்தின் மேகோம் என்ற கற்பனைச் சிற்றூரில் கதை நடக்கிறது. செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்தப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞருக்காக அட்டிகஸ் ஃபிஞ்ச் என்ற வெள்ளை வழக்கறிஞர் வாதாடிய கதை என்றுதான் பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 31 அத்தியாயங்கள் கொண்ட இந்த நாவலில் சாட்சி விசாரணை 17ஆம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பு அட்டிகஸின் பிள்ளைகளான ஜெம், ஸ்கவுட் இருவரின் மனத்தையும், கோடை விடுமுறைக்கு வரும் அவர்களுடைய தோழன் டில்லின் மனத்தையும் ஆட்டிப்படைப்பவர், வீட்டை விட்டு வெளியே வராத ஆர்தர் ராட்லி. வழக்கைப் பற்றி எழுத வந்தவர் வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரை ஏன் முன்னால் நிறுத்தினார்? ஆர்தரும் டாமும் யாருக்கும் தீங்கு செய்யாத அப்பாவிகள், இருவரையும் ஊர் தவறாகப் புரிந்துகொண்டது, அதனால்தான் என்பது வழக்கமான விடை. அந்த விடை எனக்குப் போதவில்லை. ஊர் இவர்களைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை; தனக்குத் தெரிந்த வேறொன்றைப் பார்க்காமலிருக்க இவர்களைப் பற்றிக் கதை கட்டியது. இதை நமக்குப் படிப்படியாகக் கற்றுத்தரவே ஆர்தர் முதலில் வருகிறார் என்பதுதான் நான் உங்கள் முன் வைக்கும் கருத்து.

முதலில் ஊர் என்ன சொன்னது என்று பார்ப்போம். ஜெம்மின் வருணனையில் ஆர்தர் ஆறரை அடி உயரம். அணில்களையும் பூனைகளையும் பச்சையாகத் தின்பவர். அதனால் கைகளில் எப்போதும் இரத்தக் கறை. முகத்தில் நீண்ட தழும்பு, பிதுங்கிய கண்கள், அழுகிய பற்கள். கடுங்குளிரில் செடிகள் கருகினால் அவர் மூச்சுப்பட்டுக் கருகின என்பார்கள். அந்த வீட்டுப் பீக்கன் மரத்தின் கொட்டைகள் பள்ளி மைதானத்தில் உதிர்ந்து கிடக்கும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். இதில் மிகவும் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ஊரில் கோழிகளும் வளர்ப்புப் பிராணிகளும் சிதைக்கப்பட்டுக் கிடந்தன. அதைச் செய்தவர் வேறொரு மனநோயாளி என்பது பின்னர் தெரிந்தும் விட்டது. ஆனாலும் ஊர் ராட்லி வீட்டையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்ப்பேச்சு அறியாமையால் பிறக்கிறது, உண்மையைச் சொல்லிவிட்டால் ஓய்ந்துவிடும் என்றுதான் பொதுவாக நம்புகிறோம். இந்த ஒரு செய்தி அந்த நம்பிக்கையை உடைக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் ஒரு பொய் வாழ்கிறது என்றால், அந்தப் பொய்யால் யாருக்கோ ஏதோ ஒரு பயன் இருக்க வேண்டும்.

அந்தப் பயன் என்ன என்பதை அறிய, பேய்க்கதைக்கு அடியில் கிடக்கும் சாதாரணக் கதைக்குப் போக வேண்டும். பதின்ம வயதில் ஆர்தர் சில பையன்களோடு சேர்ந்து ஊர்ச் சதுக்கத்தில் காரைப் பின்பக்கமாக ஓட்டித் திரிந்தார். தடுக்க வந்த அலுவலரை நீதிமன்றக் கழிப்பறையில் பூட்டினார்கள். நீதிபதி பையன்களை அரசுத் தொழிற்பள்ளிக்கு அனுப்பத் தீர்மானித்தார். ஆர்தரின் தந்தை மட்டும், மகனைத் தன் பொறுப்பில் விடும்படியும் இனி அவனால் தொல்லை வராது என்றும் கேட்டு அழைத்துப் போனார். தொழிற்பள்ளிக்குப் போன மற்றவர்களுக்கு மாநிலத்திலேயே மிக நல்ல கல்வி கிடைத்தது; ஒருவர் பொறியியல் கல்லூரிவரை சென்றார். வீட்டுக்குப் போன ஆர்தரைப் பதினைந்து ஆண்டுகள் யாரும் பார்க்கவில்லை. தண்டனை பெற்றவர்கள் விடுதலையானார்கள். தண்டனையிலிருந்து காப்பாற்றப்பட்டவர் ஆயுள் கைதியானார். இது ஊருக்குத் தெரியாத இரகசியம் அன்று. ஒருவரைச் சங்கிலியால் கட்டாமலே பேயாக்கிவிட வேறு வழிகள் உண்டு என்று அட்டிகஸ் சொல்வதாக நாவலில் வருகிறது. அவருக்கும் தெரியும், அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் மதிப்பும் பக்தியும் மிக்க ஒரு வெள்ளைக் குடும்பத்தின் தலைவர் தம் வீட்டுக்குள் செய்வதைக் கேட்கும் உரிமை தமக்கில்லை என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காத கூச்சத்தை மூட ஊருக்கு ஒரு பூச்சாண்டி தேவைப்பட்டது. வீட்டுக்குள் ஒரு கைதி இருக்கிறார் என்றால் எவராவது போய்க் கதவைத் தட்டியாக வேண்டும். ஒரு பேய் இருக்கிறது என்றால் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தால் போதும். கிழவர் ராட்லி இறந்து அவர் உடலைக் கொண்டு போகும்போது அவரைப் போன்ற கொடியவர் எவருமில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் ஃபிஞ்ச் வீட்டுச் சமையல்காரரான கறுப்பினப் பெண் கல்பூர்னியா. வெள்ளையரைப் பற்றி அவர் வாய் திறப்பது அரிது. ஊர் மறைத்ததைச் சொல்லும் வாய், ஊர்ப்பேச்சில் பங்கு கொடுக்கப்படாத ஒருவரின் வாயாக இருந்தது.

இந்த இடத்தில் பிள்ளைகள் வருகிறார்கள். களங்கமற்ற குழந்தைப் பருவம், பிறகு அது பறிபோகும் துயரம் என்று இந்த நாவலை விளக்குவது வழக்கம். ஆங்கிலத்தின் ‘இன்னசென்ஸ்’ என்ற ஒரே சொல் குழந்தைக்கும் பொருந்தும், குற்றம் செய்யாத கைதிக்கும் பொருந்தும். தமிழ் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று வெகுளித்தனம், மற்றது குற்றமின்மை. தமிழில் நின்று பார்க்கும்போது நாவலின் ஒரு நுட்பம் தெளிவாகத் தெரிகிறது. ஜெம், ஸ்கவுட், டில் மூவரும் வெகுளிகள், குற்றமற்றவர்கள் அல்லர். அவர்கள் ராட்லி குடும்பக் கதையைத் தெருவில் நாடகமாக நடிக்கிறார்கள். ஆர்தர் தம் தந்தையைக் கத்தரிக்கோலால் குத்தியதாகச் சொல்லப்படும் காட்சியும் அதில் உண்டு. தூண்டில் கழியில் கடிதம் கட்டிச் சன்னலுக்குள் செருகப் பார்க்கிறார்கள். இரவில் வேலி நுழைந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஊரின் வன்மம் அவர்களிடம் விளையாட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. முன்முடிவு என்பது வளர்ந்த பிறகு படிந்த கறை என்று எண்ணுகிறோம். அது பாட்டி கதையைப் போல, சொல்லச் சொல்ல இனிக்கும் பண்டமாகத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டப்படுகிறது என்று லீ காட்டுகிறார். வாசகரையும் அவர் விடுவதில்லை. அணில் தின்னும் மனிதனின் கதையைப் படிக்கும்போது நாமும் இரசிக்கிறோம், அடுத்து என்ன என்று ஆவலோடு பக்கம் புரட்டுகிறோம். டாம் ராபின்சனைப் பற்றிய பொய்யை நாம் ஒரு கணமும் நம்பப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்களை விட நாம் மேலானவர்கள் என்று அப்போது நமக்குத் தோன்றும். அந்தத் தெம்பு நமக்கு வருவதற்கு முன்பே, ஊர்ப்பேச்சின் சுவைக்கு நம்மையும் பழக்கிவிட்டார் ஆசிரியர்.

அந்த வீட்டிலிருந்து ஒரு கை வெளியே நீள்வது இதற்கிடையில்தான். ராட்லி வீட்டு ஓரத்து ஓக் மரப்பொந்தில் சூயிங் கம், பழைய நாணயங்கள், நூல் உருண்டை, பிள்ளைகளின் சாயலில் செதுக்கிய இரண்டு சோப்புப் பொம்மைகள், ஒரு பதக்கம், ஓடாத பாக்கெட் கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. பொம்மைகளில் ஒன்று நெற்றியில் முடி விழும் பையன், மற்றது சட்டை போட்ட சிறுமி. பிள்ளைகள் ஆர்தரைப் பற்றி ஊர் சொன்னதை வைத்து ஓர் உருவம் செய்தார்கள். அவரோ அவர்களைக் கண்ணால் பார்த்து உருவம் செய்தார். பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுதி வைக்கப் போன அன்று பொந்து சிமென்ட்டால் அடைக்கப்பட்டிருக்கிறது. மரம் நோயுற்றுச் சாகிறது என்று காரணம் சொல்கிறார், இப்போது வீட்டை ஆளும் அண்ணன் நேதன் ராட்லி. மரத்துக்கு ஒன்றுமில்லை என்று அட்டிகஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஜெம், அன்று மாலை இருட்டும்வரை தாழ்வாரத்தில் தனியே நின்றுவிட்டு அழுத முகத்தோடு உள்ளே வருகிறான். எதற்கு அழுதான் என்று நாவல் சொல்வதில்லை. என் வாசிப்பில், அந்தக் கொடுமை பேயுடையது அன்று, மரியாதையாகப் பேசும் ஒரு பெரிய மனிதருடையது என்பதை அவன் கண்டுகொண்ட நேரம் அது. வெகுளித்தனத்தின் முதல் இழப்பு இங்கே நிகழ்கிறது.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். மேயெல்லா யூவெல் என்ற வெள்ளைப் பெண்ணை டாம் ராபின்சன் வன்புணர்ந்தார் என்பது வழக்கு. அவளுடைய முகத்தின் வலப்பக்கம் அடிபட்டிருந்தது. அடித்தவர் பெரும்பாலும் இடக்கையால் அடித்திருக்க வேண்டும். டாமின் இடக்கை சிறுவயதில் பருத்தி அரைவை இயந்திரத்தில் சிக்கிப் பயனற்றுப் போனது. அவளுடைய தந்தை பாப் யூவெல் இடக்கைப் பழக்கம் உள்ளவர். மருத்துவரை யாரும் அழைக்கவே இல்லை. தந்தை உன்னை அடிப்பதுண்டா என்ற கேள்விக்கு மேயெல்லா தடுமாறி மறுக்கிறாள். யூவெல் எப்படிப்பட்டவர் என்பதும் ஊருக்குத் தெரியும். உதவிப்பணத்தைக் குடித்துத் தீர்ப்பவர் என்று தெரிந்தே, பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக அவர் சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடுவதை ஊர் கண்டுகொள்வதில்லை. எனவே ஜூரிகளுக்கு உண்மை தெரியவில்லை என்று சொல்லவே முடியாது. உண்மை கூண்டில் எதிரே உட்கார்ந்திருந்தது. இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வெள்ளை வீட்டுக்குள் தந்தை மகனைச் சிறைவைத்தார். ஊர் அந்த மகனைப் பேயாக்கியது. இன்னொரு வெள்ளை வீட்டுக்குள் தந்தை மகளை அடித்தார். ஊர் அவ்வழியே போன ஒரு கறுப்பின மனிதரைக் குற்றவாளியாக்கியது. இரண்டு ஊர்ப்பேச்சுகளும் ஒரே வேலையைச் செய்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் தந்தையின் வன்முறையிலிருந்து கண்ணைத் திருப்பி வெளியே ஓர் உருவத்தின் மேல் பதிக்கின்றன. இது கற்பனை ஊரின் விந்தை அன்று. 1931இல் அதே அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களும் இதே வகைக் குற்றச்சாட்டில் நிறுத்தப்பட்டார்கள்; எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் சாட்டிய இரு பெண்களில் ஒருவர் 1933இல் தம் வாக்குமூலத்தை மாற்றி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்ன பிறகும் ஜூரிகள் மீண்டும் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தார்கள்.

ஊர்ப்பேச்சு முதலில் பறிப்பது ஒருவருடைய பெயரை. நாவலின் பெரும்பகுதியில் ஆர்தரை எல்லாரும் ‘பூ’ என்றே அழைக்கிறார்கள். தமிழ் எழுத்தில் அது மலராக மயங்கலாம்; ஆங்கிலத்தில் அது மறைவிலிருந்து பாய்ந்து குழந்தையை வெருட்டும் ஒலி. டாமுக்கு வயது 25. மணமானவர், மூன்று குழந்தைகளின் தந்தை. அரசு வழக்கறிஞர் கில்மர் குறுக்கு விசாரணை நெடுகிலும் அவரைப் ‘பையா’ என்றே விளிக்கிறார். பெரியவர் ஒருவரை ஒருமையில் விளிப்பதன் சூடு தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த விளியைக் கேட்டுத் தாங்க முடியாமல் டில் அழுகிறான். அவனை வெளியே அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் இவன் இதற்கு அழமாட்டான் என்கிறார் வெளியே இருக்கும் டால்ஃபஸ் ரேமண்ட் என்ற ஊர்க்காரர். வளர்வது என்பது மேகோம் ஊரில் அழுகை நின்றுபோவது. பிள்ளைகளின் முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன. வெகுளித்தனத்தை இழந்து ஊரைப் போல ஆவது ஒன்று. வெகுளித்தனத்தை இழந்தும் அழத் தெரிந்திருப்பது மற்றொன்று. தீர்ப்புக்குப் பிறகு ஜெம் ஒரு முடிவுக்கு வருகிறான். ஆர்தர் வீட்டுக்குள்ளேயே இருப்பதற்குக் காரணம், அங்கேயே இருக்க அவர் விரும்புவதுதான் என்று தனக்குப் புரிந்துவிட்டதாகச் சொல்கிறான். அந்த வாக்கியத்தோடு பேயும் போய்விட்டது, ஊரின் மேலிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. அச்சத்தை இழப்பது விடுதலை. நம்பிக்கையை இழப்பது காயம். ஒரே சிறுவனுக்கு இரண்டும் ஒன்றாக நேர்கின்றன.

இந்த வாசிப்புக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றைப் பார்ப்போம். ஆர்தர் கடைசியில் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றுகிறார். ஹாலோவீன் இரவில் பாப் யூவெல் கத்தியோடு தாக்கும்போது அவரைக் கொன்று, கை முறிந்த ஜெம்மைத் தூக்கி வருகிறார். அதனால்தானே அவர் ஏற்கப்படுகிறார்? உபகாரம் செய்தால்தான் ஒதுக்கப்பட்டவர் மனிதராவார் என்பதும் முன்முடிவின் மற்றொரு முகம்தானே? வலுவான கேள்வி இது. அந்தக் கடைசி நிகழ்ச்சி இல்லாமல் ஸ்கவுட்டின் மனம் மாறியிருக்காது என்றால் இதற்குப் பதில் கிடையாது. ஆனால் நாவலின் வரிசை வேறு. தாக்குதலுக்கு முன்பே, 26ஆம் அத்தியாயத்தில், ராட்லி வீட்டைக் கடக்கும்போது ஸ்கவுட் வெட்கப்படுகிறாள். தனித்திருக்க விரும்பும் ஒரு மனிதரின் சன்னல் கதவு வழியே எட்டிப் பார்த்ததும், தூண்டிலில் கடிதம் நீட்டியதும் அவருக்கு எவ்வளவு துன்பமாக இருந்திருக்கும் என்று அவளுக்கு உறைக்கிறது. அப்போது ஆர்தர் அவளை எந்த ஆபத்திலிருந்தும் காக்கவில்லை. அந்த வெட்கம் நன்றிக்கடனால் வந்ததன்று, தன் செயலைத் திரும்பிப் பார்த்ததால் வந்தது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. யாருக்கும் தீங்கு செய்யாமல் பாடும் மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம் என்ற உருவகத்துக்குள் ஆர்தரையும் டாமையும் சேர்த்து வைப்பது, ஒரு வெள்ளையரின் தனிமைத் துயரையும் கறுப்பின மக்கள் மீதான அமைப்புசார் கொடுமையையும் ஒரே தட்டில் வைப்பதாகாதா? அந்த உருவகத்தின் குறையை நான் மறுக்கவில்லை. கொல்லப்படாமலிருக்கும் உரிமை ஒருவர் இனிமையாகப் பாடுகிறாரா என்பதைப் பொறுத்ததன்று. டாம் கோபப்பட்டிருந்தாலும், கடுமையாகப் பேசியிருந்தாலும் அவர் நிரபராதிதான். டாமின் மனத்துக்குள் நம்மை அழைத்துப் போகாமல், அவரைப் பொறுமையின் உருவமாக மட்டுமே காட்டியது நாவலின் பெருங்குறை. ஆனாலும் உருவகம் சமப்படுத்துவதை நிகழ்ச்சிகள் பிரித்துக் காட்டுகின்றன. தந்தையைக் குத்தியதாகச் சொல்லப்பட்டபோதும் ஆர்தரைச் சிறையில் கறுப்பினத்தவரோடு சேர்த்து அடைக்க ஷெரீபுக்கு மனம் வரவில்லை. நீதிமன்றத்தின் அடித்தளத்தில் வைத்தார்கள். பேயாகக் கருதப்பட்டபோதும் அவர் வெள்ளையர் என்பதை ஊர் மறக்கவில்லை. முடிவில் யூவெலைக் கொன்றவர் ஆர்தர் என்று தெரிந்தும், யூவெல் தன் கத்தியின் மேல் தானே விழுந்தார் என்று ஷெரீப் டேட் முடித்துவிடுகிறார். கூச்சமே உருவான ஒருவரை ஊர்வெளிச்சத்துக்கு இழுப்பது பாவம் என்பது அவர் வாதம். அந்த இரக்கம் உண்மையானதுதான். ஆனால் டாம் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது அவர் உடலில் 17 குண்டுகள் பாய்ந்தன. கொலை செய்த ஒருவருக்காகச் சட்டம் வளைந்து கொடுத்தது. கொலையே செய்யாத ஒருவரை அதே சட்டம் கொன்றது. இந்த இரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்தவர் இருவரையும் சமப்படுத்தினார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரக்கம் காட்ட ஊருக்குத் தெரியும், யாருக்குக் காட்டுவது என்பதையும் அது முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது என்பதுதான் ஆர்தரின் மீட்சிக்குள் மறைந்திருக்கும் கசப்பு.

அன்றிரவு அறை மூலையில் சுவரோடு ஒட்டி நிற்கும் அந்த வெளுத்த மனிதரை அட்டிகஸ் தம் மகளுக்கு முறைப்படி அறிமுகம் செய்கிறார்: திரு. ஆர்தர் ராட்லி. பறிக்கப்பட்ட பெயர் திரும்பி வருகிறது. வெளிச்சம் அவருக்கு வலிக்கும் என்று புரிந்துகொண்டு ஸ்கவுட் இருண்ட தாழ்வாரத்தில் நாற்காலி காட்டுகிறாள். தன்னை வீட்டுக்குக் கூட்டிப்போவாயா என்று அவர் கேட்கிறார். நாவலில் அவர் பேசும் ஒரே பேச்சு அதுதான். ஊராரின் கண்ணில் ஒரு கனவான் ஒரு சிறுமியை நடத்திச் செல்வதாகத் தெரியும்படி, அவர் கையை வளைக்கச் சொல்லித் தன் கையைக் கோத்துக்கொண்டு நடக்கிறாள். ஒன்பது வயதுகூட நிரம்பாத அந்தச் சிறுமி, அதுவரை பார்ப்பதற்குத் துடித்த மனிதரைப் பிறர் பார்வையிலிருந்து காக்கக் கற்றுவிட்டாள். அவரை உள்ளே விட்டுவிட்டு அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் திரும்பி நின்று தெருவைப் பார்க்கிறாள். பழகிய தெரு முதல்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகிறது; அவளும் அண்ணனும் விளையாடிய பருவங்களெல்லாம் அவருடைய சன்னலிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று காண்கிறாள்.

நாவலைப் படித்தவர்கள் மனத்தில் நிலைக்கும் காட்சி இது, நிலைக்கத் தகுந்ததும்கூட. ஆனால் இதோடு நிறைவடைந்துவிடக் கூடாது என்றே இந்த உரையை முடிக்க விரும்புகிறேன். ஆர்தரின் வீடு ஸ்கவுட்டின் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கிறது. டாம் ராபின்சனின் வீடு ஊருக்கு வெளியே, குப்பைமேட்டுக்கு அப்பால் கறுப்பினக் குடியிருப்பில் இருக்கிறது. டாம் இறந்த செய்தியை அவர் மனைவி ஹெலனிடம் சொல்ல அட்டிகஸும் கல்பூர்னியாவும் போகிறார்கள். ஜெம்மும் டில்லும் அதைப் பார்க்கிறார்கள். ஸ்கவுட் அங்கே போகவில்லை. ஹெலன் மண்ணில் சரிந்து விழுந்ததை டில் சொல்லித்தான் அறிகிறாள். அதே தெருப் பேயைப் புரிந்துகொள்ள ஒரு வாசற்படி ஏறினால் போதுமாக இருந்தது. ஊர் எல்லைக்கு அப்பால் இருக்கும் அந்த வாசலில் நின்று மேகோம் எப்படித் தெரிகிறது என்று கதை சொல்லும் ஸ்கவுட் ஒருமுறையும் பார்க்கவில்லை, ஆகவே நாமும் பார்க்கவில்லை. ஆர்தர் ராட்லியின் தாழ்வாரத்தில் நின்று தெருவைத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்ட வாசகர், ஹெலனின் வாசலுக்கும் நடந்து போய் அங்கிருந்து அந்த ஊரைப் பார்க்க வேண்டும். நாவல் நடக்காமல் விட்ட அந்தத் தொலைவை நடப்பதுதான் ஆர்தருக்கும் டாமுக்கும் நாம் செய்யும் நியாயம்.